தீவுக்குப் போகும் படகுக்கூலியை யார் தருவது?

வணிகப் பிரிவில் படிக்கும் எங்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த வங்கியில் வேலைக்குப் போகப் போகிறாய்?" கணக்கீடும் பொருளியலும் வணிகக் கல்வியும் படித்த பிள்ளைக்கு வங்கியையும் காப்புறுதி நிறுவனத்தையும் விட்டால் வேறு இடமில்லை என்று ஊர் நினைக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. பண்ணைப் பாலத்துக்கு அப்பால் உள்ள தீவுகளில் எங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. அந்த வேலையைப் பழகப் போகும் மாணவிக்குச் செலவுப்பணம் தர ஒரு நிதியம் வேண்டும் என்பதே என் கருத்து.

தீவுகளில் அப்படி என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் மக்கள் மீனையும் நண்டையும் பனையையும் நம்பி வாழ்கிறார்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்பவை அவர்களுடைய சொந்த நிறுவனங்கள். ஒரு கிலோ நண்டை இறங்குதுறையில் விற்பது நல்லதா, ஐஸ், எரிபொருள், ஏற்றுக்கூலி எல்லாம் செலவழித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து விற்பது நல்லதா? பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண் ஓலைக்கும் சாயத்துக்கும் கொடுத்த காசைக் கணக்கில் சேர்க்கிறார். தன் மூன்று நாள் உழைப்பைச் சேர்க்கிறாரா? இவை பெரிய நிபுணர்கள் வந்து தீர்க்க வேண்டிய கேள்விகள் அல்ல. கிரயக் கணக்கீடு படித்த ஒரு மாணவி, ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்தால் விடை காணலாம்.

இப்படி உட்கார்ந்ததால் என்ன நடந்தது என்பதற்குப் பங்களாதேஷில் ஓர் உதாரணம் உண்டு. 1976இல் சிட்டகொங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ், பக்கத்துக் கிராமமான ஜோப்ராவில் வட்டிக்காரரிடம் சிக்கியவர்களைப் பட்டியல் எடுக்கும்படி தன் மாணவி ஒருவரிடம் சொன்னார். பட்டியலில் 42 பேர் இருந்தார்கள். எல்லோருக்குமாகத் தேவைப்பட்டது வெறும் 27 டொலர். கிராமின் வங்கி அங்கிருந்து பிறந்தது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அதே நுண்கடன், கணக்குப் பார்க்க ஆளில்லாத இடத்தில் எப்படி மாறும் என்பதை எங்கள் நாட்டிலேயே கண்டோம். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் நிலை 2018இல் அரசாங்கத்துக்கு வந்தது. கையெழுத்து வைக்கும் முன்பு, "இந்த வட்டி வருடத்துக்கு எவ்வளவு?" என்று கணக்கிட்டுச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் எத்தனை தாய்மார் தப்பியிருப்பார்கள்!

அப்படியானால் மாணவிகள் ஏன் போவதில்லை? மனமில்லாமல் அல்ல, காசில்லாமல்தான். ஊர்காவற்றுறைக்குப் பஸ்ஸிலேயே போய் வரலாம். நயினாதீவுக்கு வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். நெடுந்தீவுக்கோ அதே துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல்வழி. சோளகக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. தினமும் போய் வர முடியாது, தங்கத்தான் வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரு சிறிய சங்கம் தர முடியுமா? நகரத்து நிறுவனம் பயிலுநருக்கு ஏதோ ஒரு கொடுப்பனவு தருகிறது. ஆகவே வசதியுள்ள வாப்பாவின் மகள் மட்டுமே தீவில் சேவை செய்யலாம் என்றாகிறது. சம்பளமில்லாத பயிற்சி யாருக்கும் இலவசமல்ல. அதன் விலையை ஒரு குடும்பம் சத்தமில்லாமல் கட்டுகிறது.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு மஹாபொல இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்த நிதியம் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதாந்தத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். நல்ல விடயம். ஆனால் 7,500ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள், அப்போது நாளொன்றுக்கு 250 ரூபாதான் கிடைத்தது. அது படிக்கும் இடத்தில் வயிற்றைக் கழுவவே போதாது. கடல் தாண்டப் போதுமா?

பிற நாடுகள் இதற்கு வழி தேடியிருக்கின்றன. இந்தியாவில் பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் 2024இல் மாதம் 5,000 இந்திய ரூபா தருவதாகத் தொடங்கியது. ஆனால் அது 500 பெரிய கம்பனிகளை நோக்கியது, மீனவர் சங்கத்தை நோக்கியதல்ல. எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக முகாமைத்துவ மாணவர்கள் நடத்தும் நிதிதான். கோடை விடுமுறையில் பெரிய நிறுவனங்களில் உழைக்கும் மாணவர்கள், பொதுநலப் பணிக்குப் போகும் தம் வகுப்புத் தோழர்களுக்காக அதில் பணம் சேர்க்கிறார்கள். உழைப்பவர் கொடுக்கிறார், சேவை செய்பவர் பெறுகிறார். இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள் என்பதால் இதில் பிச்சை என்ற பேச்சே இல்லை.

இதை நாமும் செய்யலாம். எங்களுக்குக் கோடை விடுமுறை இல்லை. ஆனால் உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் போகும்வரை நீண்ட மாதங்கள் வீணே கழிகின்றன. அதில் ஆறு வாரம் போதும். தனியாக அல்ல, இருவர் இருவராகப் போக வேண்டும். சங்கத்தில் பொறுப்பான பெண்மணி ஒருவரின் மேற்பார்வையும், பெற்றோர் முன்கூட்டியே பார்த்துத் திருப்திப்பட்ட தங்குமிடமும் இருக்க வேண்டும். வங்கிகளிலும் திணைக்களங்களிலும் வேலை செய்யும் பழைய மாணவிகள் வருடத்தில் ஒரு நாள் சம்பளத்தைத் தரட்டும். நகரத்து வர்த்தகர்கள் மீதியைச் சேர்க்கட்டும். வரவு செலவை இதே சஞ்சிகையில் வெளியிடுவோம். திரும்பி வரும் மாணவி, சங்கத்தின் கணக்கைத் தொடர்ந்து எழுத அந்தத் தீவுப் பெண் ஒருவரைப் பழக்கிவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அவள் படகேறும் நாளோடு வேலையும் நின்றுவிடும்.

"சேவைக்குக் காசு வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: இது சேவையின் விலை அல்ல, சேவை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேரும் செலவு. "பெண்பிள்ளையை ஏன் அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும்?" என்று கேட்கும் பெற்றோரின் கவலை நியாயமானது. மேலே சொன்ன ஒழுங்குகளுக்கும் பணம் வேண்டும். ஆகவே நிதி இல்லாத இடத்தில்தான் எங்கள் பாதுகாப்பும் குறைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட சமூகம் நாங்கள். திரும்பி வந்தவர்கள் வீடு கட்டினார்கள், கடை திறந்தார்கள். ஆனால் அறுந்துபோன பழக்கவழக்கத்தைக் கல்லாலும் சீமெந்தாலும் கட்ட முடியாது. ஒரு தீவுத் தாயும் எங்கள் மாணவியும் ஒரே பாயில் இருந்து ஒரே கணக்கைக் கூட்டிப் பார்க்கும்போது அது தானாக வளரும்.

நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகியவற்றுக்குச் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் வழங்க, இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தார்கள். மின்சாரம் தாராளமாகக் கிடைத்தால் தீவிலேயே ஐஸ் உறைய வைக்கலாம், மீனை வைத்து விற்கலாம். அந்த ஐஸின் கிரயத்தைக் கணக்கிட அங்கே ஓர் ஆள் வேண்டும். எங்கள் வகுப்பில் அதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். படகுக்கூலியைத்தான் பெரியவர்களிடம் கேட்கிறோம்.