சுகம் பார்க்கிற இடம் பன்னிரண்டு மணிக்குப் பூட்டினால்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பிளேன்டீ குடித்துக்கொண்டே வாசியுங்கள், முடிந்தால் சீனி போடாமல்.

போன வருடம் எங்கள் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். வயது நாற்பத்து நான்கு. ஒரு காலத்தில் ஊருக்கே வேகப்பந்து போட்டவர். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் பிரஷர் 190க்கு 110. வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை பிரஷர் பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பயம் பிடித்தது. லீவு விட்டதும் ஆறு பேராகச் சேர்ந்து, மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையோடு இருக்கிற ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் போனோம். எந்த வைத்தியசாலை என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்களைச் சங்கடப்படுத்துவது எங்கள் நோக்கமும் இல்லை.

இந்த நிலையங்கள் 2011 முதல் சுகாதார அமைச்சு நாடு முழுக்கத் தொடங்கியவை. ஊரில் 'சுகர் பார்க்கிற இடம்' என்றால்தான் தெரியும். 35 வயது தாண்டிய யாரும் வருத்தம் இல்லாமலே போகலாம், சதம் செலவில்லை. நிறை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்றில் சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் அட்டவணையில் வைத்துக் காட்டுகிறார்கள். ஆறு பேரில் நான்கு பேருக்கு ஏதோ ஒன்று இருந்தது. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் உடற்திணிவுச் சுட்டியைப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் நாங்கள். எங்களுடையதை நாங்கள் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. ஆசிய உடம்புக்கு 23 தாண்டினாலே கவனம் வேண்டுமாம். எங்களில் ஒருவருக்கு 29.

அந்த நிலையத்தின் பின்பக்கம் ஓர் அறை. இரண்டு சைக்கிள் மெஷின், ஓடுகிற மெஷின் ஒன்று, நாலைந்து பாய், சுவரில் ஒரு கண்ணாடி. பேர் பதிந்து ஒரு அட்டை தந்தார்கள். அன்றிலிருந்து நாங்களும் அங்கத்தவர்கள். அங்கே இருந்த தாதி உத்தியோகத்தரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் அது பாவம். சிங்களப் பெண்மணி, பாதித் தமிழ் பேசுவார். "சேர், மெதுவா, மூச்சு விடுங்க" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மூட்டு வலியோடு வந்த எங்கள் டீச்சருக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்கிற பயிற்சி காட்டினார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், கடை முதலாளி ஒருவர், ஒரு ஹாஜியார் என்று ஒரு கூட்டமே சேர்ந்தது. லீவு முடிவதற்குள் எங்களில் ஒருவர் மூன்று கிலோ குறைந்தார். இன்னொருவருக்கு இரவில் ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

பாடசாலை தொடங்கியது. எங்கள் அட்டை மேசை லாச்சிக்குள் போய்விட்டது.

ஏனென்றால் அந்த அறை கிழமை நாட்களில் காலை எட்டு மணிக்குத் திறந்து பன்னிரண்டு மணிக்குப் பூட்டுகிறது. பாடசாலை விடுவது ஒன்றரைக்கு. கடைசியாக ஒரு சனிக்கிழமை ஆசையோடு போய், ஜன்னல் வழியாக அந்தச் சைக்கிளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

எங்கள் கதையாவது பரவாயில்லை. அரச உத்தியோகம், ஒரு லீவு போட்டால் சம்பளம் குறையாது. தோட்டத்தில் காலை பெரட்டுக்கு நிற்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு அந்தக் காலை எட்டு மணி என்றால் என்ன? அன்றைய பேர் போச்சு. போக வர பஸ்ஸுக்குக் காசு. லைனில் இருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கவே முக்கால் மணி நேரம். எங்களிடம் படித்த ஒரு மாணவியின் தாய்க்குப் பிரஷர் இருப்பது முன்பே தெரியும், குளிசையும் குடித்துக்கொண்டிருந்தார். பேர் விழாது என்று இரண்டு மாதம் கிளினிக் போகவில்லை. குளிசையும் முடிந்துவிட்டது. ஒரு நாள் மலையிலேயே விழுந்தார், வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி. இப்போது வீட்டில் அம்மாவுக்குச் சோறூட்டுகிறாள். நாங்கள் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டோம். "யார் சேர் பார்ப்பாங்க?" என்று கேட்டாள்.

'தோட்டத்து சனம் நாள் முழுக்க மலை ஏறி இறங்குது, அதுகளுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?' என்று படித்தவர்களே எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். முதுகில் கொழுந்தைச் சுமந்து குனிந்த இடுப்போடு எட்டு மணி நேரம் நிற்பது வேறு. மூச்சைச் சீராக்கி, தசையைத் தளர்த்தி, போதும் என்றால் நிறுத்திக்கொள்கிற பயிற்சி வேறு. முன்னையது உடம்பைத் தேய்க்கிறது. அதோடு உப்புக் கூடின சம்பலும் ரொட்டியும், சீனி அள்ளிப்போட்ட சாயமும், புகையிலை வெற்றிலையும் சேர்ந்தால் பிரஷருக்கு வேறென்ன வேண்டும்? நாட்டில் 18 முதல் 69 வயது வரையானவர்களை வைத்து 2021இல் நடந்த கணிப்பில் மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம், ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு நீரிழிவு. மலையில் விழுந்த அந்தத் தாயும் அந்த மூன்றில் ஒருவர்தான்.

பெண்கள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த அறையின் கதவு கண்ணாடிக் கதவு. வெளியே மருந்தெடுக்க நிற்கிற வரிசை நேராக உள்ளே பார்க்கும். எங்கள் தாத்தாமார் இரண்டு பேர் ஒரே ஒரு நாள் வந்தார்கள், பிறகு வரவில்லை. இது முஸ்லிம் பெண்களின் கூச்சம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். தமிழ் டீச்சரும் சிங்கள டீச்சரும் அதையேதான் சொன்னார்கள். ஒரு திரைச்சீலை, கிழமைக்கு இரண்டு நாள் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம். இதற்குப் பாராளுமன்றத்தில் சட்டமா கொண்டுவர வேண்டும்?

கையில் தருகிற உணவுத் தாள் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதைப் பற்றிச் சண்டை பிடிக்காமல் ஒரு இரவு உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தாதி உத்தியோகத்தர் சந்தோஷமாக வாங்கிப் போட்டோகொப்பி எடுத்துவைத்தார். சில குறைகள் இப்படித்தான், நாமே இறங்கினால் முடிந்துவிடும். நேரத்தை மாற்றுவது அப்படி இல்லை, அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும்.

பக்கத்துத் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிரஷர், சீனி மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வாசலுக்கு வருகிறது. அவ்வளவு பெரிய அளவில் எங்களுக்கு வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், ஒரு பிரஷர் மெஷினும் ஒரு தாதியும் மடுவத்துக்கு வந்தால் போதும். அதற்கு அரை மணி நேரம் விட்டுக்கொடுத்தால் தோட்டத்துக்கு நட்டம் வராது. விழுந்துபோன தொழிலாளி கொழுந்து பறிப்பதில்லை என்பது துரைமாருக்கும் தெரிந்த கணக்குத்தானே.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறோம், கோபிக்கக் கூடாது. கலியாண வீட்டில் ஒரு சஹன் புரியாணி, மேலே வட்டிலப்பம், அதற்கு மேலே சோடா. 'இன்றைக்கு ஒரு நாள்தானே' என்போம், ஆனால் கிழமைக்கு இரண்டு அழைப்பு வருகிறது. நோன்பு காலத்தில் டொக்டரிடம் கேட்காமல் குளிசையை நாமே நிறுத்திவிடுகிறோம். நானாமார் பலருக்கு ஒரு பழக்கம், 'பார்த்தால்தான் வருத்தம், பார்க்காவிட்டால் ஒன்றுமில்லை' என்று. எங்கள் வேகப்பந்து மாஸ்டரும் அப்படித்தான் இருந்தார். அந்த நிலையத்தில் நாங்கள் இருந்த நாட்களில் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆண்கள் எல்லாம் வெளியே ஆட்டோவில் காத்திருந்தார்கள். உடம்பு அமானிதம் என்று பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம், இடுப்பை அளக்க மட்டும் வெட்கம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதுதான் எல்லை. தையல் டேப் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம். வலப்பனையில் சமதரை எங்கே என்று கேட்காதீர்கள். இராகலைப் பக்கம் போனாலும் நில்தண்டாஹின்னப் பக்கம் போனாலும் ஏற்றம், இறக்கம், அடுத்த வளைவில் லொறி. ஆனபடியால்தான் அந்த அறை எங்களுக்கு இவ்வளவு முக்கியம். மழை மாதத்தில் வேறு எங்கே நடப்பது?

பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கேட்டிருப்பது நான்கு விஷயம். கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் ஆறு மணி வரையும் சனிக்கிழமை காலையும் அறை திறந்திருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரமும் கதவுக்குத் திரையும் வேண்டும். தாள்கள் இரண்டு மொழியிலும் வேண்டும். மாதம் ஒரு தடவை மடுவத்தில் பரிசோதனை வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று சொல்வார்கள், அது பொய்யுமில்லை. பின்னேரங்களில் பேர் பதியவும், நிறை பார்க்கவும், திறப்பைப் பொறுப்பெடுக்கவும் எங்களில் எட்டு ஆசிரியர்கள் முறை போட்டு வர எழுதிக்கொடுத்திருக்கிறோம், சம்பளம் இல்லாமல்.

கடிதம் வெள்ளிக்கிழமை வரை பாடசாலை அலுவலகத்தில் இருக்கும். ஜும்மாவுக்குப் பிறகு பள்ளி வாசலிலும், ஞாயிறு காலை கோயில் பக்கத்திலும் கொண்டுவருவோம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை.