பறந்தவர் மீது பழி, பதில் சொல்ல ஆளில்லை

அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று 260 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியா விபத்தின் முதற்கட்ட அறிக்கை, விமானம் மேலெழும்பிய சில நொடிகளில் இரு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் அணைந்த நிலைக்கு மாறின என்றும், ஏன் அணைத்தீர்கள் என்று ஒரு விமானி கேட்க மற்றவர் மறுத்தார் என்றும் கூறியது. கேட்டவர் யார், மறுத்தவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த அரைகுறைத் தகவலைப் பற்றிக்கொண்டு, உயிரோடில்லாத தலைமை விமானியின் மீது வெளிநாட்டு ஊடகங்கள் சந்தேகத்தைத் திருப்பின. தகவல் துண்டு துண்டாகக் கசிவதை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் கண்டித்தது. நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணை வேண்டுமென்று விமானியின் தந்தையும் மனு செய்தார்.

தொழில்நுட்ப விசாரணையில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை என்னும் கேள்வி நியாயமானதே. விமான விபத்துகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பான 13ஆம் இணைப்பும், விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதேயன்றிப் பழி சுமத்துவதன்று என்கிறது. ஆனால் நீதிப்புனராய்வு என்பது சுவிட்ச் எப்படி அணைந்தது என்று நீதிபதி கண்டுபிடிப்பதன்று. அதைக் கண்டுபிடிக்கப் போனவர்கள் சட்டப்படியும் நடுநிலையோடும் நடந்துகொண்டார்களா என்று பார்ப்பது. விபத்தை விசாரிக்கும் புலனாய்வுப் பிரிவு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழேயே இயங்கும்போது இந்தச் சோதனை கட்டாயமாகிறது.

அண்டார்க்டிகாவின் எரபஸ் மலையில் 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் இறந்தபோது, அதிகாரபூர்வ அறிக்கை விமானிகளையே குற்றம் சாட்டியது. பின்னர் விசாரித்த நீதிபதி பீட்டர் மாகன், கணினியில் பறப்புத் தடம் மாற்றப்பட்டதை விமானிகளுக்கு நிறுவனம் தெரிவிக்காததே காரணம் என்று கண்டதுடன், அதிகாரிகள் கூடிப் பொய் சொன்னதாகவும் சாடினார். அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலளிக்க அதிகாரிகளுக்கு வாய்ப்பளிக்கவில்லை என்று, நியூசிலாந்தின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக அப்போதிருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1983இல் அவரையே திருத்தியது. விபத்தின் காரணம் பற்றிய அவரது முடிவு அப்படியே நின்றது. நீதிபதிக்கே பொருந்திய அளவுகோல் அரசுப் பொறியாளர்களுக்குப் பொருந்தாமல் போகுமா?

விடை தெரியாமல் காத்திருப்பது நமக்கும் புதிதல்ல. தாம்பரத்திலிருந்து 2016 ஜூலை 22 அன்று 29 பேருடன் கிளம்பிப் போர்ட் பிளேர் போய்ச் சேராத விமானப்படையின் ஏ.என்.-32ஐ தென்சென்னைப் புறநகர் மறந்திருக்காது. பள்ளிக்கரணையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிவதாக 2024 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. இராணுவ விசாரணை திரைமறைவில் நடக்க இரகசியம் ஒரு காரணமாகலாம். பயணச்சீட்டு வாங்கி ஏறியவர்களின் மரணத்துக்கு அப்படியொரு திரை தேவையில்லை.

13ஆம் இணைப்பின்படி இறுதி அறிக்கையின் வரைவு, விமானத்தை வடிவமைத்த, உற்பத்தி செய்த நாடுகளுக்கு முன்கூட்டியே அனுப்பப்படுகிறது. கருத்துரைக்க அவற்றுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. இறந்த விமானியின் குடும்பத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதே வரைவும் அதே 60 நாளும் அவர்களுக்கும் கிடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டும்.