வானத்தில் மர்ம ஒளியா? பிறைச் சாட்சியிடம் கேட்பது போலக் கேளுங்கள்



"நம்ம ஊருக்கு மேல பறக்கும் தட்டு" என்று வட்ஸ்அப் குழுமங்களில் அவ்வப்போது ஒரு வீடியோ சுற்றும். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் பதறுகிற குரல்கள். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பயப்படுகிறார்கள், எல்லோரும் பகிர்கிறார்கள். "எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி நமக்குப் பழக்கமாக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

வெளிச்சம் கண்டேன் என்பவரைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் உண்மையாகவே ஒன்றைக் கண்டிருக்கிறார். கண்டதில் பிழை இல்லை. அது இன்னதுதான் என்று அவசரமாக முடிவு கட்டியதில்தான் பிழை.

பயிற்சி பெற்றவர்களுக்கும் இது நடக்கும். 2012 ஓகஸ்ட் முதல் 2013 பெப்ரவரி வரை, லடாக்கில் சீன எல்லையோரம் காவலில் இருந்த இந்திய இராணுவத்தினர், ஓர் ஏரிக்கு மேலே இனந்தெரியாத பொருட்களை 329 தடவைகள் கண்டதாகப் பதிவு செய்தார்கள். சீனாவின் உளவு ட்ரோன்கள் என்று சந்தேகம். விஷயம் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் போனது. பார்த்தால், ஒன்று வியாழன், மற்றது வெள்ளி! அணுவாயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளின் எல்லையில், ஆறு மாதமாக இரண்டு கிரகங்கள் மீது சந்தேகம்.

இயந்திரமும் தப்பவில்லை. 1960 ஒக்டோபர் 5ஆம் திகதி, கிறீன்லாந்தின் தூலே என்ற இடத்திலிருந்த அமெரிக்க ராடார், ஏவுகணைகள் வருவதாக எச்சரிக்கை கொடுத்தது. அது கண்டது நோர்வேப் பக்கமாக எழுந்துகொண்டிருந்த நிலாவை. சோவியத் தலைவர் குருசேவ் அப்போது நியூயோர்க்கில்தான் இருந்தார். தன் தலைவர் அங்கே இருக்கும்போது சோவியத் தாக்குமா என்று யோசித்தவர்கள் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஏன் ஏமாறுகிறோம்? இருட்டில் தனியாகத் தெரியும் ஒளிக்கு எவ்வளவு தூரம் என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரே புள்ளியை உற்றுப் பார்த்தால், நம் கண்ணின் சிறு அசைவில் அது ஆடுவது போலத் தோன்றும். மோட்டார் சைக்கிளில் போனால் கூடவே துரத்தி வரும். அடிவானத்துக்குக் கிட்ட இருந்தால், காற்று மண்டலம் அதைச் சிவப்பும் பச்சையுமாக மினுக்கும். போனில் சூம் பண்ணினால் போகஸ் குழம்பி, அந்தப் புள்ளி வட்டத் தட்டாகவே மாறிவிடும்.

நமது சமூகத்துக்கு இதை விசாரிக்கும் முறை புதிதல்ல. பிறை கண்டேன் என்று ஒருவர் வந்தால் என்ன செய்கிறோம்? எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், கொம்பு எந்தப் பக்கம், கூட யார் கண்டார்கள் என்று கேட்கிறோம். வானியல் கணக்கை எந்தளவு ஏற்பது என்ற விவாதம் வேறு. ஆனால் சாட்சியிடம் கேள்வி கேட்பதை யாரும் அவமானமாக எடுப்பதில்லை. அது ஓர் அமானிதம் என்று நமக்குத் தெரியும். அதே கேள்விகளை வான ஒளிக்கும் கேட்போம்.

1. நேரம். வீடியோ உங்களுக்கு வந்த நேரம் அல்ல, எடுத்த நாளும் நேரமும். எடுத்தவரிடமே கேளுங்கள்.

2. திசை. கிப்லா எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். இலங்கையிலிருந்து அது மேற்கிலிருந்து சற்று வடக்கே. அதிலிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

3. உயரம். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால், அது ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி?

4. எவ்வளவு நேரம் தெரிந்தது? மறுநாள் அதே நேரம் அங்கே இருந்ததா?

பிறகு ஸ்டெலேரியம் போன்ற ஒரு செயலியில் ஊரையும் நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். அந்தத் திசையில், அந்த உயரத்தில் நிலாவோ வெள்ளியோ வியாழனோ இருக்கிறதா? மறுநாளும் அதே இடத்தில் ஒளி தெரிந்தால், விடை ஏறத்தாழக் கிடைத்துவிட்டது.

செயலி இல்லாமலும் கொஞ்சம் சொல்லலாம். வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. மஃரிபுக்குப் பிறகு தெரிந்தால் மேற்கில், சுபஹ் நேரம் தெரிந்தால் கிழக்கில். நள்ளிரவில் நமது ஊரில் தெரியாது. நிலாவுக்கு நமது நாட்காட்டியே போதும். பிறை 7 என்றால் மஃரிப் நேரம் உச்சிக்குக் கிட்ட, 14 என்றால் அதே நேரம் கிழக்கில் எழும், 22 என்றால் நள்ளிரவை ஒட்டி எழும். பின்னிரவில் மரங்களுக்குப் பின்னால் சிவந்து எழும் பாதி நிலா, எதிர்பாராதவரைப் பயமுறுத்தக்கூடியது.

ஆனால், எதைக் கண்டாலும் "அது வெள்ளிதான்" என்று வாயை அடைப்பதும் விசாரணை அல்ல. 1948 ஜனவரி 7ஆம் திகதி அமெரிக்காவின் கென்டக்கியில், தோமஸ் மன்டெல் என்ற விமானி வானில் கண்ட ஒரு பொருளைத் துரத்தி மேலே ஏறி, ஒட்சிசன் இல்லாமல் விமானம் விழுந்து இறந்தார். அவர் துரத்தியது வெள்ளி என்று முதலில் சொன்னார்கள். திசை பொருந்தினாலும், பட்டப்பகலில் வெள்ளி அப்படித் தெரியாது. அது கடற்படையின் இரகசிய ஸ்கைஹுக் பலூனாக இருக்கலாம் என்பதே பிறகு பொருத்தமாகப் பட்டது. ஆகவே கிரகம் பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை என்றே சொல்லுங்கள். ட்ரோன், விளக்குக் கட்டிய பட்டம், தரையிறங்கும் விமானம், வரிசையாகப் போகும் ஸ்டார்லிங்க் செய்மதிகள் என்று அடுத்ததைப் பாருங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் "தெரியவில்லை" என்பதுதான் நேர்மையான பதில். "தெரியவில்லை" என்றால் "வேற்றுக்கிரகவாசி" என்று அர்த்தமில்லை.

ஒரு வெளிச்சத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். 2011 ஓகஸ்டில் "மர்ம மனிதன்", "கிறீஸ் பூதம்" என்று நாட்டில் பல ஊர்கள் தூங்காமல் கிடந்ததை மறந்துவிட்டோமா? இருட்டில் தெரிந்த நிழலெல்லாம் பூதமானது. ஊர்கள் தடியோடு தெருவில் இறங்கின. அப்பாவிகள் அடிபட்டார்கள், உயிர்களும் போயின. அன்று வட்ஸ்அப் இவ்வளவு பரவியிருக்கவில்லை. இன்று ஒவ்வொரு கையிலும் இருக்கிறது. வானத்து வெளிச்சத்தில் "எப்போது, எங்கே, யார் கண்டது?" என்று கேட்டுப் பழகாத ஊர், நாளை ஒரு மனிதனைப் பற்றி வதந்தி வரும்போது கேட்குமா?

வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லி ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. அடுத்த வீடியோ வரும்போது உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, இந்த நான்கு கேள்விகளையும் அவர்களை வைத்தே கேட்கச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். விடை கிடைத்தால் வீடியோவோடு விடையையும் சேர்த்துக் குழுமத்தில் போடுங்கள்.