நாற்காலிக்கு மதிப்பெண், நூலுக்கு?

இலக்கிய வகுப்புக்கு என்ன விதி வேண்டும்? விதி என்றதும் தலையெழுத்தைச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! அந்த விதியை மதியால் வெல்வோம் என்று மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். நான் கேட்பது கல்லூரி வகுப்பறை விதியை.

இன்று நடப்பதென்ன? 75 விழுக்காடு வருகை வேண்டும். ஓரளவு குறைந்தால் கட்டணம் கட்டு, குறை மன்னிக்கப்படும் என்கின்றன பல பல்கலைக்கழகங்கள். பாவத்துக்குப் பரிகாரம், வருகைக் குறைவுக்குப் பணம்! வசதி படைத்தவன் சிரித்துக்கொண்டே கட்டுகிறான். இரவெல்லாம் சரக்குக் கிடங்கில் மூட்டை சுமந்து, காலையில் முதல் மணி வகுப்பைத் தவறவிட்ட ஏழை மகன்? வாங்கிய கூலியைக் கொடுத்துக் குற்றம் தீர்க்கிறான்!

சரி, நாள் தவறாமல் வருபவன் செய்வதென்ன? பாடம் புறநானூறு; ஆனால் கையில் புறநானூறு இல்லை. இருப்பது கைடு! ஐந்து மதிப்பெண்ணுக்கு இவ்வளவு, பத்து மதிப்பெண்ணுக்கு இவ்வளவு என்று அளந்து கட்டிய பொட்டலம். ஏட்டுச் சுவடியில் கிடந்த அந்நூலை 1894இல் அச்சேற்றினார் உ.வே.சாமிநாதையர். கறையானிடம் தப்பிய நூல் கைடிடம் சிக்கிக்கொண்டதே! கட்டுரை எழுதி வா என்றால், செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது. ஆசிரியர் போடும் மதிப்பெண் யாருக்கு? மாணவனுக்கா, இயந்திரத்துக்கா?

பழமை என்பதற்காக எதையும் பாராட்டுவோர் அல்லர் நாம். ஆயினும் 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் யாத்த நன்னூலைப் புரட்டுங்கள். இலக்கண நூல்தான், ஆனால் பாயிரத்திலேயே வகுப்பறைக்குச் சட்டம் வகுத்திருக்கிறார். ஆசான் உரைப்பதைச் செம்மையாகக் கேட்டாலும் வருவது கால்பங்கு. உடன் பயில்வோரோடு கலந்து பயின்றால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைத்தால்தான் மீதி அரை! நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடையைக் கடைமாணாக்கர்க்கு உவமையாக்குகிறார். கைடு பின்னுவது அந்தப் பன்னாடையைத்தானே?

அதே நன்னூல், நோயாளிக்கும் மந்தனுக்கும் பாடம் சொல்லலாகாது என்கிறது. அதை ஏற்கமாட்டோம்! கல்வி எல்லார்க்கும் என்று போராடிப் பெற்ற மண் இது. முதல்மாணாக்கர்க்கு அவர் காட்டிய அன்னத்தைப் போலவே பாலைக் கொள்வோம், நீரைத் தள்ளுவோம்.

ஆகவே, கல்லூரி நடத்துவோர்க்கு மூன்று சொல்வேன். முதலாவது, மூலநூல் இல்லாமல் இலக்கிய வகுப்பு இல்லை. விலை கொடுத்து வாங்க இயலாதவர்க்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது, கைப்பேசியே சுவடியாகட்டும்!

இரண்டாவது, அகமதிப்பீட்டுக்கென்று பல கல்லூரிகளில் 25 மதிப்பெண் உண்டு. அதைப் பேசும் வாய்க்குக் கொடுங்கள். ஒரு பாட்டை எடுத்து, வகுப்பின் முன் நின்று மாணவன் பொருள் சொல்லட்டும். தோழர்கள் மறுத்துக் கேட்கட்டும், ஆசிரியரையும் கேட்கட்டும். இயந்திரத்திடம் இரவல் வாங்கி வந்தவன் இரண்டாம் கேள்வியில் திணறுவான்!

மூன்றாவது, வகுப்பைத் தவறவிட்ட உழைக்கும் மாணவனிடம் பணத்தைக் கேட்காதீர்கள், பாட்டைக் கேளுங்கள். தவறிய பாடத்தைப் படித்து வந்து சொன்னால், அதுவே வருகை!

"ஒழுங்கு கெடுமே, அத்தனை பேரையும் பேசவிட நேரமேது?" என்பார் சிலர். கைடில் உள்ளதையே வாயால் சொல்லி எழுதவைக்கும் நேரம் மிச்சமாகுமே, அது போதாதா? நூலும் இல்லாமல், கேள்வியும் இல்லாமல், மணியடிக்கும்வரை உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் ஒழுங்கா?

கல்லூரிப் படிக்கட்டை மிதித்தவனல்லன் நான். பள்ளியோடு நின்று, படிப்பகத்தில் படித்தவன். அங்கே வருகைப் பதிவேடு கிடையாது. ஏட்டைப் படித்து முடித்தவனிடம் பக்கத்திலிருப்பவன், "என்ன எழுதியிருக்கு? சொல்லண்ணே!" என்பான். சொல்லியாக வேண்டும்! விளங்காமல் படித்தவன் அங்கேயே விழிப்பான். அதைவிடப் பெரிய தேர்வு ஏது?

வந்தானா என்று பதிவேடு கேட்கட்டும். படித்தானா, சிந்தித்தானா, எதிர்த்துக் கேட்டானா என்று இலக்கிய வகுப்பு கேட்கட்டும்! நாற்காலி நிரம்பினால் கல்லூரிக்குக் கணக்கு நேராகும். நெஞ்சு நிரம்பினால்தான் நாட்டுக்கு நன்மை!