ஒன்றுமில்லை என்று எழுதியவருக்கு என்ன விருது?

சென்ற வாரம் எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. மருத்துவத் துறையில் சாதனை புரிந்த தமிழர்களைக் கௌரவிக்கும் விழாவாம். வழவழப்பான தாளில் பன்னிரண்டு பேரின் படங்கள். பதினொருவர் வைத்தியர்கள். பன்னிரண்டாமவர் மண்டபச் செலவை ஏற்றுக்கொண்ட வர்த்தகப் பிரமுகர். மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்தானும் அதில் இல்லை. ஏற்பாட்டாளர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் தொலைபேசியில் காரணம் கேட்டேன். "அவையள் என்னண்ணை சாதிச்சவை? மெசின் சொல்லுறதை எழுதித் தாறவைதானே" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கான பதிலே இக்கட்டுரை. ஆயினும் முதலில் என் பங்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுபதுகளின் இறுதியில் செய்தி சேகரிக்க வன்னிக்குச் சென்ற நான் கடுங்காய்ச்சலுடன் திரும்பினேன். சாதாரண காய்ச்சல் என்று இரண்டு இடங்களில் மருந்து தந்தார்கள். மூன்றாவதாகச் சென்ற ஒரு சிறிய அரசினர் வைத்தியசாலையில், மாலை நான்கு மணிக்குப் பின்னரும் நுணுக்குக்காட்டியின் முன் குனிந்திருந்த ஒருவர் என் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். பிழைத்தெழுந்த பின்னர் என் பத்திரிகையிலேயே வைத்தியருக்கு நன்றி தெரிவித்து எட்டு வரிகள் எழுதினேன். நோயைக் கண்டவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவரது பெயரை நான் கேட்கவேயில்லை. பெயர் கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் நான்.

இது என்னோடு தொடங்கிய வழக்கமன்று. மலேரியா நுளம்பினால் பரவுகிறது என்று நிறுவியமைக்காக றொனால்ட் றொஸ் 1902ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். 1897 ஓகஸ்ட் 20ஆம் திகதி செகந்திராபாத்தில் நுளம்பின் இரைப்பைச் சுவரில் அவர் ஒட்டுண்ணியைக் கண்டார். அந்த நுளம்புகளுக்குத் தன் இரத்தத்தைக் குடிக்கக் கொடுத்தவர் ஹுசேன் கான் என்னும் நோயாளி. நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் றொஸ்ஸுக்காக நுளம்பு பிடித்துத் திரிந்தவர் மொகமட் பக்ஸ் என்னும் உதவியாளர். அதே ஆய்வுகூடத்தில் துணைநின்ற கிஷோரி மோகன் பந்தோபாத்யாயவுக்கு 1903இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. துரைக்கு நோபல், உதவியாளருக்கு மன்னரின் பதக்கம். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஒருவருக்காவது கிடைத்ததே என்று ஆறுதல் கொள்ள வேண்டிய நிலை.

ஜெர்மனியின் கதை இதைவிட மோசம். நுண்ணுயிர்களை வளர்க்கப் பயன்பட்ட ஜெலற்றின் கோடை வெப்பத்தில் உருகிப்போவதைக் கண்டு, அதற்குப் பதிலாக அகரைப் பயன்படுத்துமாறு 1881இல் யோசனை கூறியவர் பனி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி. றொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி. கணவரின் ஆய்வுகளுக்குப் படம் வரைந்தும் உதவியவர். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அயலவரிடமிருந்து அந்தச் சமையலறை இரகசியத்தை அவர் அறிந்திருந்தார். நோன்புக் காலத்தில் எங்கள் முஸ்லிம் நண்பர்களின் வீடுகளில் நமக்குக் கிடைக்கும் கடப்பாசியும் இந்த அகர்தான். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி உலகுக்கு அறிவித்த கொக், அகரைக் குறிப்பிட்டார். அதைத் தந்த அம்மையாரைக் குறிப்பிடவில்லை. 1905இல் கொக்குக்கு நோபல் கிடைத்தது. உலகின் ஆய்வுகூடங்களில் இன்றும் நுண்ணுயிர்கள் அகரில்தான் வளர்கின்றன.

பிரித்தானியாவில் ஆய்வுகூட உதவியாளர்கள் 1912இல் தமக்கெனச் சங்கம் அமைத்தார்கள். இன்று அது உயிர்மருத்துவ விஞ்ஞான நிறுவகமாக வளர்ந்து நிற்கிறது. அதன் மிக உயர்ந்த பதக்கம், சங்கத்துக்கு ஆதரவளித்த பேராசிரியர் சிம்ஸ் வூட்ஹெட்டின் பெயரால் வழங்கப்படுகிறது. நல்ல மனிதர், நன்றிக்குரியவர். ஆனாலும் உதவியாளர்களின் பதக்கத்துக்கும் ஒரு பேராசிரியரின் பெயர்தான் அமைந்தது என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

பெயர் மறைக்கப்படுவதை விடவும் ஆழமான தவறொன்று இருக்கிறது. விருதுக் குழுக்கள் எதையாவது கண்டுபிடித்தவரைத் தேடுகின்றன. ஆய்வுகூடத்தின் பெரும்பகுதி உழைப்போ, ஒன்றுமில்லை என்பதை உறுதிப்படுத்துவதில் செலவாகிறது. அந்த உழைப்பைப் படம் பிடித்து அழைப்பிதழில் போட முடியாது.

நமது நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியா, 1963இல் 17 நோயாளிகள் என்ற அளவுக்குக் குறைந்தது. வெற்றி பெற்றுவிட்டோம் என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினோம், கண்காணிப்பையும் தளர்த்தினோம். 1969இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 1999இலும் இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது. பிறகு படிப்படியாகக் குறைந்து, 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

பாராட்டு விழாக்கள் நடந்தன. ஆனால் அந்தச் சான்றிதழ் எதன் மீது நிற்கிறது? அந்த ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் 10 இலட்சம் குருதிப் பூச்சுக்களைப் பொதுச் சுகாதார ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களும் நுணுக்குக்காட்டிப் பரிசோதகர்களும் பார்த்தார்கள். ஒரு பூச்சில் ஒட்டுண்ணி இல்லை என்று எழுதுவதற்கு முன்னர், எண்ணெய் வில்லையின் கீழ் குறைந்தது 100 பார்வைப் புலங்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இருபதோடு கண்ணை எடுத்துவிட்டாலும் அறிக்கையில் அதே சொல்தான் எழுதப்படும். பெரும்பாலும் யாருக்கும் தெரியவராது. அந்த மனிதருக்கு மட்டுமே தெரியும். யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் இந்த வேலை எந்தச் சூழலில் நடந்தது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"மெசின் சொல்லுகிறது" என்ற நண்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குருதி எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ செங்கலங்கள் சிதைந்துவிட்டால், கலங்களுக்குள் இருக்கும் பொற்றாசியம் வெளியே கசியும். எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் தனக்குக் கொடுக்கப்பட்ட மாதிரியை அளந்து, பொற்றாசியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருப்பதாகச் சொல்லும். சேலைன் ஏறும் கையிலேயே குருதி எடுத்திருந்தால் அது வேறுவிதமான பொய்யைச் சொல்லும். இந்த எண் இந்த நோயாளியுடையதாக இருக்க முடியாது என்று ஐயுற்று, மறுபடியும் குருதி அனுப்புமாறு விடுதிக்கு அழைத்துச் சொல்பவர் ஒரு மனிதர். பெரும்பாலும் அதற்கு ஏச்சும் வாங்குபவர்.

சம்பளம் பெறுகிறார்களே, பிறகேன் விருது என்று கேட்போரும் உண்டு. அழைப்பிதழிலுள்ள பதினொருவரும் சம்பளமின்றியா வைத்தியம் பார்க்கிறார்கள்?

ஆகவே இன்னும் பன்னிரண்டு கேடயங்கள் செய்யச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கேடயங்களால் வீட்டு அலுமாரிகள் நிரம்புவதை நான் நிறையவே பார்த்துவிட்டேன். நேர்மையான கணிப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மலேரியா நுணுக்குக்காட்டிப் பரிசோதகர்களுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு புறநிலைத் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. விடை மறைக்கப்பட்ட பூச்சுக்கள் வழங்கப்படும். ஒட்டுண்ணி உண்டா, எந்த இனம், எத்தனை என்று குறித்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும். உண்டா இல்லையா என்பதிலும் இனத்தைக் காண்பதிலும் 90 வீதத்துக்குக் குறையாதவரே முதலாம் நிலையை அடையலாம். அந்தச் சான்றிதழும் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். மறுபடியும் அமர்ந்து நிரூபிக்க வேண்டும். காலாவதியாகும் விருது! நமது விழா மேடைகளில் பொன்னாடை போர்த்திக்கொண்ட எத்தனை பேர் அத்தகைய விருதுக்குச் சம்மதிப்பார்கள்? பத்திரிகையாளர்களாகிய எங்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய மாணவர் சங்கங்கள் பெற்றோரின் ஞாபகார்த்தமாக மருத்துவ பீட மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்குகின்றன. நல்லது, தொடருங்கள். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுவதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு மாதாந்தம் ஒரு தொகை அனுப்புங்கள். ஏற்கெனவே பணியிலிருப்பவர், மேலதிகாரியின் சிபாரிசு இல்லாமல், தேர்வுப் பெறுபேற்றின் அடிப்படையிலேயே சில மாதங்கள் வெளியே சென்று பயின்று வர வழிசெய்யுங்கள். சிபாரிசு என்று வந்துவிட்டால் அது சங்கத் தலைவரின் மருமகனுக்குத்தான் போய்ச் சேரும். எத்தனை முறை அதைப் பெரிய எழுத்தில் செய்தியாக்கியிருக்கிறேன்!

இதில் அவசரமும் உண்டு. நோய் இல்லாத நாட்டில் இளம் பரிசோதகர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஓர் ஒட்டுண்ணியைக்கூடக் காணாமல் பணியாற்றலாம். காணாததைக் கண் மறந்துவிடும். நாடு மலேரியா அற்றதென அறிவிக்கப்பட்ட அதே 2016இன் இறுதியில், இலங்கையில் அதுவரை காணப்படாத அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. கிணற்று நீரிலும் பெருகக்கூடிய, நகர்ப்புறத்திலேயே மலேரியாவைப் பரப்பவல்ல நுளம்பு அது. வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணியைச் சுமந்து வரும் ஒரு பயணியை முதல்நாளே இனங்காணாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1963க்கும் 1969க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளே சாட்சி.

நண்பரிடம் மறுபடியும் பேசினேன். பதின்மூன்றாவது படத்துக்கு அழைப்பிதழில் இடமில்லை, அச்சாகிவிட்டது என்றார். மண்டபத்துக்கும் இரவு விருந்துக்கும் ஆகும் செலவைக் கேட்டேன். சொன்னார். அந்தத் தொகையில் இரண்டு பிள்ளைகள் நான்கு ஆண்டுகள் படித்து முடிக்கலாம் என்று கணக்குக் காட்டினேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். விழாவுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. முன்வரிசையில் எனக்கு ஓர் ஆசனம் ஒதுக்கியிருக்கிறார்களாம். வருவதாக நான் இன்னும் சொல்லவில்லை.