முதல் வருஷம் வாய் திறக்காதவர்கள்

இன்ஜினியரிங் காலேஜில் முதல் வருஷம் முடிந்ததும் எல்லோரும் பேசுவது கிட்டத்தட்ட ஒரே கதைதான். மெஸ் சாம்பார், சீனியரைக் கண்டு ஒளிந்த நாட்கள், டிராயிங் ஹாலில் நின்று நின்று வலித்த கால்கள், எத்தனை அரியர்... சிரித்துக்கொண்டே பேசி முடித்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் சிலர் மட்டும் அதிகம் பேசுவதில்லை. கவனித்துப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலானோர் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களாக இருப்பார்கள்.

இத்தனைக்கும் பள்ளியில் இவர்கள் ஊமையாக இருந்தவர்கள் இல்லை. ஊர் அரசுப் பள்ளியில் வாத்தியார் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கியவர்கள். அதே ஆட்கள் இங்கே ஒரு வருஷம் முழுக்க ஒரு சந்தேகம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அரியர் எத்தனை என்பது மார்க் ஷீட்டில் தெரிந்துவிடுகிறது. கேட்காமல் விட்ட கேள்விகள் எத்தனை என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

என்னதான் நடக்கிறது? பிளஸ் டூ வரை நிலைமம், உந்தம், முடுக்கம், திசைவேகம் என்று படித்த பிள்ளை, இன்ஜினியரிங் பிசிக்ஸ் வகுப்பில் இனர்ஷியா, மொமெண்டம், ஆக்சலரேஷன், வெலாசிட்டி என்று கேட்கிறது. சேர்ப்பு அணி கண்டுபிடித்து, அதிலிருந்து நேர்மாறு அணிக்குப் போகத் தெரியும். ஆனால் போர்டில் ‘அட்ஜாயிண்ட்’ என்று எழுதினால் விழிக்கும். கணக்கு தெரியும், கணக்கின் பெயர்தான் தெரியாது! ஐகன் வேல்யூ வகுப்பில் எல்லோருக்கும் புதிது. ஆனால் இந்தப் பிள்ளைக்கு அதை விளக்கும் வார்த்தைகளும் சேர்ந்தே புதிது. முழித்துக்கொண்டு எழுந்து கேட்கலாம்தான். எந்த மொழியில் கேட்பது? தப்பும் தவறுமாக இங்கிலீஷில் கேட்டால் பின்னால் இருந்து சிரிப்பு வரும் என்ற பயம். ஒரு தடவை சிரிப்பு வந்துவிட்டால் போதும், மிச்ச வருஷத்துக்கும் வாய் மூடிவிடும்.

இவர்களை உள்ளே கொண்டுவர அரசு எடுத்த முயற்சிகள் கொஞ்சமில்லை. 2007இல் நுழைவுத் தேர்வு போனது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் இவையெல்லாம் வாசலைத் திறந்துவிடும் காரியங்கள். வகுப்புக்குள் நுழைந்த பிறகு அந்த முதல் ஆறு மாதத்தில் பிள்ளை என்ன ஆனது என்று யார் பார்க்கிறார்கள்?

"இன்ஜினியரிங் என்றாலே இங்கிலீஷ்தான், நாளைக்கு இன்டர்வியூவும் அதில்தான், தத்தளித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. இங்கிலீஷ் வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகளே சொல்வதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழிலேயே படிக்க வழி செய்தது. அப்படியும் வேலை கிடைக்குமா என்ற கவலையில் இங்கிலீஷ் பக்கம் வருபவர்கள்தான் அதிகம். கற்றுக்கொள்ள அவர்கள் தயார். பன்னிரண்டு வருஷம் ஒரு மொழியில் படித்துவிட்டு, சில மாதங்களில் இன்னொரு மொழியில் செமஸ்டர் எழுதச் சொல்கிறோமே, நடுவில் ஒரு பாலம் போட வேண்டாமா? நீச்சல் கற்றுக்கொடுப்பவர்கூட முதல் நாள் இடுப்பில் கயிறு கட்டித்தானே கிணற்றில் இறக்குகிறார்!

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. முதலாமாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்தச் சொல்லி ஏஐசிடிஇ ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. பல இடங்களில் அது சிறப்பு விருந்தினர் பேச்சு, யோகா, குரூப் போட்டோ என்று கழிந்துவிடுகிறது. அதில் தினம் ஒரு மணி நேரம் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி வார்த்தைகளுக்கு ஒதுக்கலாம். பட்டியல் தேடி அலையவும் வேண்டாம். தமிழ் மீடியம் பிளஸ் டூ புத்தகத்தின் பின்பக்கத்தில் கலைச்சொற்கள் என்று இரண்டு மொழியிலும் போட்டிருக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் அந்தப் புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். இன்னொன்று, முதல் செமஸ்டரில் சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம் என்று ஆசிரியர் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை.

காலேஜ் செய்யாவிட்டால் இரண்டாம் வருஷம் போகிறவர்கள் செய்யலாம். ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் வந்துவிட்டது. சீனியர் ஒருவர் ஜூனியர் ரூமைத் தேடிப் போக இனி நல்ல காரணம் வேண்டும். தானும் தமிழ் மீடியத்தில் வந்து, முட்டி மோதி இரண்டு பேப்பரைக் கிளியர் செய்த ஒருவர், வார்த்தைகள் எழுதிய நோட்டோடு போய் உட்கார்ந்தால் அதைவிட நல்ல காரணம் எது? புது பேட்ச் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே போக வேண்டும். முதல் இன்டர்னல் முடிந்த பிறகு போனால், கேட்க நினைத்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் கடைசி பெஞ்சுக்கு மாறியிருப்பார்கள்.