பழைய சுவர்களும் புதிய பந்திகளும்

பழைய கட்டிடமொன்று இடிக்கப்படும்பொழுது அதனை எதிர்ப்பதற்குச் சிலராவது முன்வருவர். அதே கட்டிடம் பழுது பார்க்கப்பட்டு, வர்ணம் பூசப்பட்டு, உணவகமாகவும் மதுச்சாலையாகவும் திறக்கப்படும்பொழுது எதிர்ப்பார் எவருமிலர், பாராட்டுவோரே பலர். வரலாறு காக்கப்பட்டுவிட்டது என்ற மனநிறைவு எல்லோரிடத்தும் காணப்படும். இம்மனநிறைவு எத்துணை நியாயமானது என்பதை ஆராய்தற்குக் கொழும்புக் கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை மிகப் பொருத்தமான உதாரணமாகும்.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, நோயுற்ற தன் ஊழியரையும் மாலுமிகளையும் பராமரிப்பதற்காகத் துறைமுகத்தை அண்டி 17ஆம் நூற்றாண்டில் இவ்வைத்தியசாலையை அமைத்தது. தடித்த சுவர்களும், தேக்கு மர வளைகளும், ஓட்டுக் கூரையும், நீண்ட விறாந்தைகளும், உள்முற்றங்களும் கொண்ட இக்கட்டிடம் கோட்டையில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டிடங்களுள் ஒன்று. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. பிற்காலத்தில், 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும், கோட்டைப் பொலிஸ் நிலையம் இங்கு இயங்கியது. 1996 சனவரி 31ஆம் நாள் மத்திய வங்கி மீது நிகழ்த்தப்பட்ட குண்டுத் தாக்குதலில் இதுவும் சேதமுற்றது. பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிற் புனரமைக்கப்பட்டு, 2011 டிசம்பரில் கடைகளும் உணவகங்களும் அடங்கிய தொகுதியாகத் திறக்கப்பட்டது.

மாலை வேளையில் இங்கு வரும் ஒருவர் காண்பது யாது? பழைய தூண்களின் மேல் மங்கிய மஞ்சள் விளக்கொளி. நோயாளர் படுத்திருந்த கூடங்களில் மேசைகளும் கதிரைகளும். முற்றத்தில் குவளைகளின் ஓசை. களப்பு நண்டினால் வெளிநாடுகளிலும் பெயர்பெற்ற உணவகமொன்றும் இங்கேதான் உள்ளது. அங்கே நண்டின் நிறைக்கேற்ப விலை துல்லியமாகக் கணிக்கப்படுகின்றது. நண்டின் நிறையைக் கேட்டறியும் விருந்தினர், தாம் சாய்ந்திருக்கும் சுவரின் கதையைக் கேட்பதில்லை. பழமை என்பது உணவுக்குச் சுவை கூட்டும் மற்றொரு பண்டமாகி, விலைப்பட்டியலில் எழுதப்படாமலே விற்பனையாகின்றது.

இத்தகைய புனரமைப்பு வரலாற்றைக் காப்பதில்லை. வரலாற்றைத் தெரிவு செய்கின்றது. இதற்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. இடப்பட்ட பெயரே போதும். இக்கட்டிடம் வைத்தியசாலையாக இருந்தது. பொலிஸ் நிலையமாக இருந்தது. குண்டினாற் சிதைந்தும் கிடந்தது. இவற்றுள் ஒல்லாந்தர் வைத்தியசாலை என்ற பெயர் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மாண்ட மாலுமிகள் விருந்தினரின் பசியைக் கெடுப்பதில்லை. அண்மைக் காலத்தில் மாண்டோர் கெடுப்பர். தூரத்து இறந்தகாலம் அலங்காரமாகின்றது. அண்மித்த இறந்தகாலம் சுண்ணாம்பின் கீழ் மறைகின்றது.

பெயரைப் பேணுவது மரபைப் பேணுவதற்கே என்று வாதிடுவார் உளர். அவ்வாறாயின் சுதந்திர சதுக்கத்தை அண்டியுள்ள கட்டிடத்தை அவர்கள் நோக்குதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனநோயாளர் விடுதியாகக் கட்டப்பட்டு, பின்னர் கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலகத்தைக் கொண்டிருந்த அக்கட்டிடமும் புனரமைக்கப்பட்டு, 2014இல் கடைகளும் உணவகங்களும் நிறைந்த தொகுதியாகத் திறக்கப்பட்டது. அதற்கு மனநோயாளர் விடுதி என்ற பெயர் சூட்டப்படவில்லை; ‘ஆர்கேட்’ என்ற பெயரே சூட்டப்பட்டது. கோட்டையில் வைத்தியசாலை என்ற பெயர் விலைபோகும். ஆகவே அது நிலைத்தது. இங்கே பழம்பெயர் விலைபோகாது. ஆகவே அது நீங்கிற்று. இரண்டிலும் தீர்மானித்தது மரபன்று, சந்தையே.

நிலைத்த பெயரேனும் முழுமையாக விளக்கப்படுகின்றதா என்பது அடுத்த வினா. அவ்வைத்தியசாலை அமைக்கப்பட்டது கம்பனியின் ஆட்களுக்காக. இந்நாட்டு மக்களுக்காக அன்று. 1670களில் கம்பனியின் வைத்தியராக இலங்கையிற் பணியாற்றிய போல் ஹேர்மன் இங்குள்ள தாவரங்களைச் சேகரித்தார். அச்சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஹேர்மனின் பட்டியல்களில் தாவரங்களின் சிங்களப் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அப்பெயர்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்நாட்டு மக்களே. ஆயினும் நூல்களில் நிலைபெற்றவை ஐரோப்பியர் இருவரின் பெயர்கள் மாத்திரமே. ஒல்லாந்தர் காலம் என்பது அழகிய தூண்களின் காலம் மட்டுமன்று. கறுவாவுக்காக நடத்தப்பட்ட ஆட்சியின் காலமுமாகும்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோர் இரண்டு நினைவுகளை எதிர்கொள்ளல் வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் இயற்றப்பட்டதன் பின்னர், தலைநகரின் பொலிஸ் நிலையங்களது வாசல்கள் தமிழ் மக்களுக்கு எத்தகைய அச்சத்தைத் தந்தன என்பதை அக்காலத்தில் வாழ்ந்த எக்குடும்பமும் அறியும். இது ஒரு நினைவு. மத்திய வங்கிக் குண்டுத் தாக்குதலில் சுமார் 90 பேர் கொல்லப்பட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பலர் கண்பார்வை இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் அன்றாடம் வேலைக்குச் சென்ற சாதாரண மக்கள். இது மற்றைய நினைவு. அத்தாக்குதலை நடத்திய விடுதலைப் புலிகள் தமிழரின் பெயராற் போராடியவர்கள் என்பதற்காகத் தமிழ் மாணவர் இரண்டாவதை மறப்பராயின், முதலாவதை நினைவூட்டும் தகுதியை அவர்கள் இழந்துவிடுவர். இவ்விரண்டையும் ஒரே சுவர் கண்டிருக்கின்றது. அச்சுவரைப் பேசவைப்பதே உண்மையான புனரமைப்பாகும்.

இதற்கு மறுப்புரைப்போரின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கைவிடப்பட்ட கட்டிடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும். வணிகமே அதனைத் தரும். யுத்த காலத்திற் காவலரண்களால் அடைபட்டிருந்த கோட்டைக்குள் மக்கள் மீண்டும் உலவுவதே பெரும் பேறு என்பர் அவர்கள். இவற்றில் உண்மை உண்டு. பாழடைந்து கிடப்பதிலும் உணவகமாய் இருப்பது மேல். ஆயினும் வேறு வழியே இல்லை என்பது பொய். கோட்டைக்கு அணித்தான புறக்கோட்டையில், முன்னர் தபாற் கந்தோராக இயங்கிய ஒல்லாந்தர் காலக் கட்டிடமொன்று திருத்தியமைக்கப்பட்டு, 1982இல் அரும்பொருட்சாலையாகத் திறக்கப்பட்டது. அன்று இயன்ற ஒன்று பின்னர் எண்ணத்திலும் தோன்றாது போனமை பணமின்மையால் அன்று. மக்களை நுகர்வோராக மாத்திரம் காணும் நோக்கினாலேயாம்.

அந்நோக்கின் விளைவு வெளிப்படையானது. முற்றத்தினுள் எவரும் நுழையலாம்; கதிரையில் அமர்வதற்கோ பணம் வேண்டும். மகாபொல உதவுதொகை பெறும் மாணவர் ஒருவர் தமது மாதத் தொகை முழுவதையும் கொடுத்தாலும் அங்கு பெரிய நண்டொன்றை வாங்கவியலாது. மன்னாரிலும் புத்தளத்திலும் களப்பில் இறங்கி நண்டு பிடிப்பவரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. பொதுமக்களின் சொத்தான கட்டிடத்தில் பொதுமக்கள் வேடிக்கை பார்ப்பவராக நிற்கின்றனர்.

ஆகவே வேண்டப்படுவது உணவகங்களை மூடுவதன்று. இத்தகைய ஒவ்வொரு கட்டிடத்திலும், வணிகர் செலுத்தும் வாடகையின் ஒரு பகுதியைக்கொண்டு, கட்டணமின்றி எவரும் நுழையக்கூடிய மண்டபமொன்று ஒதுக்கப்படல் வேண்டும். அங்கே கட்டிடத்தின் முழு வரலாறும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் எழுதப்படல் வேண்டும். கம்பனியின் மாலுமி, மூலிகையின் பெயர் சொல்லிக்கொடுத்தவர், பொலிஸ் நிலைய வாசலிற் காத்துநின்ற தாய், குண்டுவெடிப்பிற் பார்வையிழந்த எழுதுவினைஞர் ஆகிய அனைவருக்கும் அவ்வரலாற்றில் இடமளிக்கப்படல் வேண்டும். வரலாறு கற்கும் மாணவரும் கற்பிக்கும் விரிவுரையாளரும் இப்பணியை அரசு தொடங்கும்வரை காத்திருத்தல் தகாது. வாழ்வோர் சொல்லும் நினைவுகளைச் சேகரிக்கும் வேலை பல்கலைக்கழகங்களில் இன்றே தொடங்கலாம். சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர்.